கோதுமைக்குள் கேட்ட சத்தம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பி நான் எழுதும் வரிகள் இவை.

அக்கா பிறந்தது கிள்ளானில். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா திடீரென மறைந்தபோது அக்கா பள்ளியில் படிவம் ஐந்தில் படித்துக்கொண்டிருந்தார். டியூஷன் சொல்லிக்கொடுத்தே தாமும் படித்து, என்னையும் படிக்கவைத்தார். பல்கலைக்கழக விரிவுரையாளரானார். குரல் உயர்த்தத் தெரியாதவர், ஆனால் பிடிவாதக்காரர்.

தானியத்தில் விழும் வண்டுதான் அவருடைய ஆராய்ச்சி. மணிக்குள் வண்டு முட்டையிட்டுவிடும். உள்ளே புழு தின்றுகொண்டிருக்க, வெளியே மணி முழுசாகவே தெரியும். அது கடிக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டால் முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று, மூட்டைக்குள் செருகும் சின்ன மைக் ஒன்றை அக்கா உருவாக்கினார்.

கிள்ளானில் மாவு ஆலைகளுக்குக் கோதுமை விற்கும் வியாபாரி ஒருவர் சோதனைக்குத் தம் கிடங்கைத் திறந்துவிட்டார். முதல் நாளே கருவியில் கறுக் கறுக்கென்று கேட்டது.

"அண்ணே, இந்த அடுக்கு முழுக்கப் புழு. ஆலைக்கு அனுப்பாதீங்க," என்றார் அக்கா.

வியாபாரியும் நம்பி, ஏற்ற வந்த லோரியைத் திருப்பி அனுப்பினார். ஆலைக்காரர் கோபித்துக்கொண்டு வேறிடத்தில் வாங்கினார். மறுநாள் மணிகளைப் பிளந்து பார்த்தால் ஒன்றிலும் புழு இல்லை. மூட்டைகளுக்கு அடியில் கிடந்த மரப்பலகையைத்தான் பூச்சி அரித்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு வீட்டில் அக்கா எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். "கருவியில கோளாறுன்னு சொல்லிடலாமே," என்றேன்.

"கருவி சரியாத்தான்டா கேட்டுச்சு. அவசரப்பட்டது நான்."

நேரே கிடங்குக்குப் போய், வேலையாட்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டார். ஆலைக்காரரிடமும் தாமே போய் நடந்ததைச் சொன்னார்.

வியாபாரி அந்தப் பலகையைக் குனிந்து பார்த்தாராம். பிறகு, "சரி லா தங்கச்சி, பலகைய மாத்திடுறேன். அடுத்த வாரம் வந்து மறுபடி கருவிய வச்சுக் கேளுங்க," என்றாராம்.

அக்கா போனார். மாதக்கணக்கில் போனார். அதன்பின் மணியைப் பிளந்து பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறை நிஜமாகவே ஓர் அடுக்கில் புழு இருந்தது. மற்ற சரக்குக்குப் பரவும் முன் பிரித்தெடுத்துவிட்டார்கள். வியாபாரி உடனே ஆலைக்காரருக்குப் போன் போட்டு, "நம்ம தங்கச்சி பிடிச்சிட்டாங்க!" என்று சொன்னதை அக்கா சிரித்துச் சிரித்து எங்களிடம் சொன்னார்.

புற்றுநோய் வந்த பின்னும் முடிந்தவரை பாடம் நடத்தினார். கடைசி வாரங்களில் மாறி மாறி உடனிருந்த மாணவிகளுக்கும், முகம் சுளிக்காத மருத்துவமனைத் தாதியருக்கும், சுபாங் ஜெயாவிலிருந்து கஞ்சி வைத்துக் கொண்டுவந்த அத்தைக்கும், இறுதிச் சடங்கன்று கிடங்கை மூடிவிட்டு வேலையாட்களோடு வந்து நின்ற அந்த வியாபாரி அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்த யாரையும் அக்கா வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அனைவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.