முப்பது நாள் நோட்டீஸும் ஒரு இஸ்திகாராவும்

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரிகளே. சென்ற வருடம், ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதம் முடியும் வாரத்தில் நான் பட்ட பாட்டை இன்றும் மறக்க முடியவில்லை.

எனக்கு ஊர் பரங்கிப்பேட்டை. சிதம்பரத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்தேன். என் மகள் ஹஃப்ஸாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான்கு வயதில் ஆபரேஷன் செய்து கருவி பொருத்தினோம். கடலூரில் பேச்சுப் பயிற்சி. தினமும் என் மாமியார்தான் பஸ்ஸில் அழைத்துப் போவார். தாய் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும், இந்த இரண்டு வருடத்தை விட்டுவிட்டால் பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று பயிற்சி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கோ மாலை ஐந்து வரை டூட்டி.

அந்தத் திங்கட்கிழமை கடலூரில் புதிதாகத் திறக்கப்போகும் டயாலிசிஸ் பிரிவிலிருந்து போன் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். பயிற்சி நிலையம் அடுத்த தெருதான். ஆனால் அடுத்த திங்கட்கிழமையே சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்றார்கள்.

என் பழைய வேலை ஆர்டரில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தது. கூட வேலை பார்த்த செல்வி பிரசவத்துக்குப் போயிருந்தாள். நான் நின்றுவிட்டால் பன்னிரண்டு நோயாளிகளுக்கு ஊசி போட ஆள் கிடையாது.

தோஹாவில் வேலை பார்க்கும் என் கணவருக்கு, மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், போன் செய்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சொல்லாம நின்னுடு. எல்லாரும் அப்படித்தான் செய்யிறாங்க. நம்ம புள்ளதான் நமக்கு முக்கியம்."

அவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்கலாமா? பதினைந்து நாள்? முப்பது நாள் என்றால் கடலூர் வேலை போய்விடும். ஹஃப்ஸாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

மறுநாள் புவனகிரியிலிருந்து வரும் கலியமூர்த்தி ஐயாவுக்கு மெஷின் போட்டேன். ஆட்டோ ஓட்டியவர். கையை நீட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"அடுத்த வாரமும் நீதான பாப்பா இருப்ப? வேற ஆளு குத்துனா கை வீங்கிப்பூடுது."

இருப்பேன் என்று சொல்லாமலே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

மதிய லுஹர் தொழுதுவிட்டு ஸ்டோர் ரூமிலேயே இஸ்திகாரா தொழுதேன். எது நல்லது என்று தெரியாதபோது ரப்பிடமே, அந்த இறைவனிடமே, கேட்கும் தொழுகை அது. யா அல்லாஹ், இந்த வேலை எனக்கும் என் பிள்ளைக்கும் நல்லதென்றால் கொடு, இல்லையென்றால் என் மனதை அதிலிருந்து திருப்பிவிடு என்று அழுதேன். கனவும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. ஆனால் எழுந்தபோது சொல்லாமல் போகும் எண்ணம் என்னை விட்டுப் போயிருந்தது. ஏழு நாள் என்று எழுதிப் பார்த்தேன். நான் ஒப்புக்கொண்டது ஒரு மாதம் என்று கிழித்துப் போட்டேன்.

புதன்கிழமை முப்பது நாள் நோட்டீஸ் எழுதி, ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. "ஒரு மாசத்துல ஆளுக்கு நான் எங்கம்மா போறது?" என்றவர், அதன் பிறகு பல நாள் என்னிடம் பேசவே இல்லை. கடலூருக்கும் போன் செய்து ஒரு மாதம் கழித்துத்தான் வர முடியும் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்கள். இரண்டு நாளில் வேறு ஒருவரை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ரமலான் பிறந்தது. இருந்த வேலையை நானே விட்டாயிற்று, புது வேலையும் இல்லை. மச்சான் கோபத்தில் இரண்டு வரிக்கு மேல் பேசமாட்டார். மாமி ஒன்றும் கேட்காமல் ஹஃப்ஸாவோடு பஸ் ஏறுவார். அதுதான் அதிகம் வலித்தது. தப்பாக முடிவெடுத்துவிட்டேனோ என்று நெற்றியைத் தரையில் வைத்த ஒவ்வொரு ஸஜ்தாவிலும் கேட்டேன். பதில் இல்லை. நோன்போடு நின்று, ஒவ்வொரு நோயாளிக்கும் எந்த இடத்தில் ஊசி போட வேண்டும், யாருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

நோட்டீஸ் கொடுத்த பத்தொன்பதாம் நாள் கடலூரிலிருந்து போன் வந்தது. டயாலிசிஸுக்கான தண்ணீர் பரிசோதனையில் தேறவில்லையாம். பிரிவு திறப்பதே பெருநாளுக்குப் பிறகுதானாம். சேர்ந்தவர் காத்திருக்காமல் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டாராம்.

"நீங்க இன்னும் வர்ற மாதிரி இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் போனில் பேசிய மேடம்.

நோட்டீஸ் முடிந்ததும் வருகிறேன் மேடம் என்றேன்.

நோட்டீஸ் முடிய நான்கு நாள் இருக்கும்போது விருத்தாசலத்திலிருந்து ஒரு தம்பி வேலைக்கு வந்தார். நான்கு நாளும் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தேன். கடைசி நாள் டாக்டர் அனுபவச் சான்றிதழைத் தன் கையாலேயே கொடுத்தார். செல்வி வரும்வரை சமாளித்துக்கொள்வோம், நீ நல்லா இரும்மா என்றார்.

இப்போது தினமும் இரண்டரை மணிக்கு ஹஃப்ஸாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், சின்னச் சின்ன வார்த்தைகள் வருகின்றன. முன்பெல்லாம் முடிவெடுத்துவிட்டுப் பிறகு துஆ கேட்பேன். இப்போது கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்கிறேன்.

சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நெருக்கடி வரலாம். ரப்பிடம் கேளுங்கள். கேட்டபின் நேரான வழியில் நடங்கள். அந்தப் பத்தொன்பது நாளும் யாருமே கேட்காத மாதிரிதான் எனக்கு இருந்தது. அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.