லேமினேஷன் போட்ட செக்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்று வளர்த்தது மூன்று. அக்கா விட்டுப்போன பையனையும் சேர்த்தால் நான்கு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். தப்பு இருந்தால் அவளுடையது, நன்றாக இருந்தால் என்னுடையது.

போன வாரம் இவளுடைய மார்க் ஷீட்டுக்கு லேமினேஷன் போட ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தோம். மெஷினிலிருந்து தாள் சூடாக வெளியே வந்ததும் ஒரு வாசனை அடித்தது பாருங்கள், பிளாஸ்டிக் லேசாகக் காந்துகிற வாசனை. கடை மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா ஆயா, தலை சுத்துதா?"

"இல்லடி. ஒரு செக்கு ஞாபகம் வந்துருச்சு."

தொழிற்பேட்டையில், வண்டி உதிரி சாமான்களைத் துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டி கட்டுகிற கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் இருந்தேன். எங்களை வேலைக்குச் சேர்த்து வேனில் கூட்டிப்போய் வந்தவர் ஒரு மேஸ்திரி. எந்நேரமும் வெற்றிலை வாய். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊர் சொல்லித்தான். "ஏ தேன்கனிக்கோட்டை, ஏறு. சிங்காரப்பேட்டை, உனக்கு ஜன்னல் சீட்டா கேக்குது?" நான் கல்லாவி.

தீபாவளி போனஸ் செக்காக வரும். எங்களில் ஒருத்திக்கும் பாங்கில் கணக்கு கிடையாது. செக்கின் முதுகில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து மேஸ்திரியிடம் கொடுத்துவிடுவோம். அவர் மாற்றி வந்து, அலைச்சலுக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு, மீதியை வேன் படியில் உட்கார்ந்து ஊர்ப்பேர் சொல்லிக் கொடுப்பார். ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். பிடிப்பதைச் சொல்லிவிட்டுத்தான் பிடிப்பார்.

கம்பெனியை மூடியபோது கணக்குத் தீர்த்துக் கொடுத்த செக் மட்டும் வேறு மாதிரி. மூலையில் இரண்டு கோடு. யார் பெயரோ அவர் கணக்கில்தான் போட முடியுமாம். மேஸ்திரி வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "எல்லாரும் வாங்க, என் பாங்குல சொல்லிக் கணக்கு தொறந்து தரேன். வழக்கமான பிடிப்புதான்" என்றார்.

நான் ஏறவில்லை. என் மூத்தவள் செல்வி, அதாவது இப்போது எழுதிக்கொண்டிருக்கிறவளின் அம்மா, அவளுக்குக் கிருஷ்ணகிரியில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. இருபது நாளில் பணம் கட்ட வேண்டும். செக் முழுசாகக் கைக்கு வந்தால்தான் சரியாக இருக்கும். வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷமே போய்ச்சேர்ந்துவிட்டார்.

"நானே பாத்துக்கறேன்" என்றேன்.

"அடேயப்பா! கலெக்டரம்மா நடந்தே போறாங்க, வழி உடுங்க!"

வேன் முழுக்கச் சிரிப்பு.

என் பெயரை மெஷினில் அடித்து எனக்கென்று வந்த முதல் காகிதம் அது. அப்போது மழைக்காலம், வீடோ ஒழுகுகிற வீடு. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், பிள்ளைகளின் டி.சி. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் போட்டுத்தான் வைத்திருந்தோம். முக்கியமான காகிதத்துக்கு அதுதானே மரியாதை? நேராகப் போய் செக்குக்கும் லேமினேஷன் போட்டுவிட்டேன். கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தை அழகாக வெட்டி வேறு கொடுத்தார்.

மேஸ்திரி கணக்கு வைத்திருந்த அதே பாங்குக்குத்தான் போனேன். அங்கே இருந்தவர் கன்னடக்காரர். "ஏனம்மா இது?" என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பக்கத்து ஆளுக்கும் காட்டினார். "இதுல நாங்க சீலு எங்கம்மா வைக்கறது? கொண்டுபோய் சாமி படத்தோட மாட்டி ஊதுவத்தி கொளுத்து."

வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குச் செல்வியின் முகம்தான் கண்ணில் நின்றது. அப்புறம் அவரே பாவப்பட்டு விவரம் சொன்னார். புது செக் வாங்கி வர வேண்டும். அந்தப் பாங்கில் நாள்பட்ட கணக்கு வைத்திருக்கிற ஒருவர், இவரை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

கம்பெனி ஆபீஸ் அந்தச் சனிக்கிழமையோடு பூட்டப்போகிறது. ஓடினேன். கணக்கர் தலையில் அடித்துக்கொண்டு பழைய செக்கைக் கிழிக்கப் பார்த்தார். கிழியவில்லை, அவ்வளவு கெட்டி! கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார்.

கையெழுத்துக்கு? என்னோடு வேலை பார்த்தவர்கள் நேற்றுக் கணக்குத் தொடங்கியவர்கள், அவர்கள் போட்டால் செல்லாதாம். நாள்பட்ட கணக்குக்காரர் என்று எனக்குத் தெரிந்தது ஒரே ஒருவர்.

மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்னா கலெக்டரம்மா, ஜீப்பு வரலயா?"

எல்லாவற்றையும் சொன்னேன், லேமினேஷன் உட்பட. சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெற்றிலையைத் துப்பினார், சட்டையை மாட்டினார், கூடவே வந்தார்.

படிவத்தில், எத்தனை வருடமாகத் தெரியும் என்ற இடத்தில் பதினொன்று என்று எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். யாருக்கும் கேட்காமல், "கல்லாவி, உம் பேரு என்னா?" என்றார்.

சொன்னேன். எழுதினார். அன்றிலிருந்து கடைசிவரை என்னைப் பெயரோடு அம்மா சேர்த்துத்தான் கூப்பிட்டார்.

"பிடிப்பு எவ்ளோங்க?" என்று கேட்டதற்கு, "உம் பொண்ணு நர்சானா எனக்கு வலிக்காம ஒரு ஊசி போடச் சொல்லு, போதும்" என்றார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் பணம் கட்டினோம். பின்னால் மேஸ்திரிக்கு நடமாட்டம் குறைந்த வருஷங்களில் தினமும் சர்க்கரை ஊசி போட்டது செல்விதான். ஊசி படுவதற்கு முன்பே "வலிக்குது, வலிக்குது" என்று கத்துவார் மனுஷன்.

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். எனக்கு மாதாமாதம் முதியோர் பணம் வருகிறது. அதை வாங்க மெஷினில் விரல் வைக்க வேண்டும். எண்ணெயிலும் இரும்பிலும் தேய்ந்த விரல், சில மாதம் மெஷினுக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. "வேற விரல் வைங்க பாட்டி" என்கிறது அங்கிருக்கும் பெண். பத்தையும் வைத்துப் பார்க்கிறேன். இவளைப் பதினோரு வருடமாகத் தெரியும் என்று எழுத அதில் இடமும் இல்லை, எழுதின மனுஷனும் இல்லை.

எழுதிட்டியா கண்ணு? எங்க, படி பாக்கலாம். மொதல்ல இருந்து வேணாம். மேஸ்திரி எம் பேரக் கேட்டாரு பாரு, அங்க இருந்து படி.