பெயர் வைக்காத குழந்தைக்கு ஒரு படிவம்

1. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள்.
2. மூன்றாம் நாள், மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழே வைத்தார்கள்.
3. அந்தச் சிகிச்சை என் அலுவலகக் காப்பீட்டில் வர வேண்டுமென்றால், அவளையும் பாலிசியில் சேர்க்க வேண்டும்.
4. படிவத்தின் முதல் கட்டம், பெயர்.

ஏதோ ஒரு பெயரை எழுதப் போனேன். மாமியார் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் அத்தைதான் குழந்தையின் காதில் முதலில் பெயர் சொல்ல வேண்டும்.

"புள்ள காதுல விழறதுக்கு முன்னாடி கம்பெனிக்காரனுக்குச் சொல்லுவியா?"

பெயரில்லாமல் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தோடு இருவரும் காப்பீட்டு கவுன்ட்டருக்குப் போனோம். அங்கிருந்தவருக்குப் பருத்த உடம்பு, முழங்காலில் வலிக்குப் போடும் பட்டை. படிவத்தைப் பார்த்ததும் மேசையில் கையை ஊன்றி எழுந்து, நின்றபடியே எழுதத் தொடங்கினார்.

"உட்கார்ந்து எழுதுங்க சார்," என்றேன்.

"புதுசா ஒருத்தவங்க வந்திருக்காங்க. உக்காந்துகினா எழுதறது? பேரு என்னங்க?"

"இன்னும் வைக்கலைங்க. பதினாறாம் நாள் அத்தைதான் சொல்லணும்."

"அதுக்கா பேஜாராவறீங்க? உங்க பேரைப் போட்டு, 'இன்னாரோட குழந்தை'ன்னா போதும். உங்க பாலிசில பொறந்த நாள்லேர்ந்தே கவர் உண்டு. பேரை அப்புறம் மாத்திக்கலாம்."

"வெவரமான ஆளுதான்," என்றார் மாமியார்.

"எங்க வூட்டுலயும் ஒரு அத்தைக்காரி இருக்குதும்மா," என்று சிரித்தார்.

அன்று மாலையே ஒப்புதல் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அவர் அப்படித்தான் எழுந்து நிற்பாராம், நர்ஸ் சொன்னார்.

பதினாறாம் நாள் கெடாரிலிருந்து நாத்தனார் வந்து பெயர் சொன்னார். நேற்று பெயர் மாற்றப் படிவத்தை நின்றுகொண்டே நிரப்பி அனுப்பினேன். புது அட்டை இனிமேல்தான் வர வேண்டும்.