பக்கெட்டில் ஊறிய நீச்சல் உடை

எங்கள் வீட்டில் நீச்சல் முதலில் பக்கெட்டில்தான் நடந்தது. நீந்தியது அப்பா அல்ல, அவர் வாங்கிவந்த ஜட்டி.

புனேயில், வானவடியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் ஒரு நீச்சல் குளம் உண்டு. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இறங்கவேண்டுமானால் அப்பாவோ அம்மாவோ கூடவே தண்ணீரில் இறங்கவேண்டும் என்பது அங்கே சட்டம். எனக்கு எட்டு வயது. அம்மா வயிற்றில் தம்பி, ஏழு மாதம். ஆக, மிச்சம் அப்பாதான். எதிர்வீட்டுப் பெண் தினமும் சாயங்காலம் ஈரத் தலையோடு மாடியேறிப் போவாள். நான் கதவருகே நின்று பொருமுவேன். மழை தொடங்கினால் குளத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் ஒரு தடவையாவது இறங்கிவிட வேண்டும். என் உலகத்தில் அப்போது வேறு கவலையே கிடையாது.

மாட்டேன் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. "சரியான டிரெஸ் வாங்கணும்மா. கண்டதையும் மாட்டிக்கிட்டு இறங்க முடியுமா?" என்பார். அதை மறுத்துப் பேச வீட்டில் யாருக்கும் தகுதி இல்லை. ராணுவச் சீருடைக்கு வரும் துணியைச் சோதித்துத் தேறும், தேறாது என்று சொல்வது அவருடைய வேலை. துணி விஷயத்தில் புலி. மற்றபடி பரம சாது. ராமேஸ்வரம் போனபோதுகூட எல்லோரும் கடலில் முழுக்குப் போட, அவர் மட்டும் கரையில் நின்று அத்தனை பேர் செருப்புக்கும் காவல் இருந்தார். எவ்வளவு பொறுப்பு என்று அத்தைமார் மெச்சிக்கொண்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கேம்ப் கடைவீதியில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மராத்தியர், பொறுமைசாலி. முதலில் சின்னதாக ஒரு முக்கோண ஜட்டியை எடுத்துக் காட்டினார். "இது பந்தயத்துல நீந்தறவனுக்கு. நாலு பேர் பாக்கிற இடத்துல எப்படி?" என்று அப்பா தள்ளிவைத்தார். பூப்போட்ட தொளதொள அரைக்கால் சட்டை வந்தது. "கடற்கரை மணல்ல உலாத்தறதுக்கு இது சரி. குளத்துல பாக்கெட்டெல்லாம் தண்ணி ரொம்பிக் கீழே இழுக்கும்." அடுத்து, தொடையோடு ஒட்டி முழங்கால்வரை வரும் ஒன்று. அதை இழுத்து இழுத்துப் பார்த்தார். "ரவுண்டு ரவுண்டா நீந்தறதுக்கு இதுதான் ராஜா. ஆனா இந்த எலாஸ்டிக் குளோரின்ல ஒரு மாசம் தாங்காது." வெளிர் நிறம் வேண்டாம், நனைந்தால் மானம் போகும். உள்ளே வலைத்துணி இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் எனக்குத் தமிழில் ஒருமுறை, கடைக்காரருக்கு இந்தியில் ஒருமுறை சொன்னார்.

பக்கத்தில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அப்பா சொன்னபடியே மூன்று பேர் வாங்கிக்கொண்டும் போனார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் புதிதாக வந்த ஒருவருக்கு அப்பாவைக் கைகாட்டிவிட்டு, "சாப் சே பூச்சோ", சாரையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். பாதி ஊரைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நாங்கள் வெறுங்கையோடு ஸ்கூட்டரில் திரும்பினோம்.

அப்படியும் இரண்டு வாங்கினார். ஒன்றை பிளீச்சிங் பவுடர் கரைத்த பக்கெட்டில் ஊறப்போட்டார்; சாயம் போயிற்று. இன்னொன்றில் இடுப்புக் கயிறு வழுக்கியது.

"ஏங்க, நீங்க நீந்தப் போறீங்களா, நிச்சயதார்த்தத்துக்குப் போறீங்களா?" என்றாள் அம்மா. அப்பா அசடு வழியச் சிரித்தார்.

ஜூன் பிறந்து, வானமும் கறுக்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் படிக்கட்டில் எதிர்வீட்டுப் பெண், நீ ஏன் வருவதே இல்லை என்று கேட்டாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பா மகா கஞ்சன்! டிரெஸ் வாங்க மாட்டேங்கறார்!" என்று இந்தியில் கத்தினேன். திரும்பினால், காய்கறிப் பையோடு அப்பா நிற்கிறார். என்னைத் தாண்டி மேலே போனார்.

மறுநாள் காலை கருநீலத்தில், முழங்கால்வரை வரும் உடையோடு வந்து நின்றார். கயிற்றில் இரட்டை முடிச்சு. பக்கெட்டும் இல்லை, பரீட்சையும் இல்லை. விலைச்சீட்டுகூடப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாதான் பிடித்து அறுத்தாள்.

"வா, போலாம்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். ஆழம் குறைந்த பக்கம்தான். தண்ணீர் எனக்குக் கழுத்துவரை, அவருக்கு இடுப்புவரை. இறங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. சுவரோரமாக நடப்பதில் எனக்கு என்ன பெருமை? எல்லோரும் பார்க்கும்படி அவரை நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிடி இன்னும் இறுகியது.

"விடுங்கப்பா, நான் ஒண்ணும் முழுகிட மாட்டேன்!"

"பேசாம நட" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து, சிவந்திருந்த விரல் தடத்தை அம்மாவிடம் காட்டி முறையிட்டேன். "எனக்கு ஏதாவது ஆயிடும்னு அப்பாவுக்கு எவ்வளவு பயம், பாரும்மா!"

அம்மா அதில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "ஆமா, பாவம், ரொம்பத்தான் பயம்" என்றாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் ஆறு நாள் இறங்கிவிட்டோம். ஆறு நாளும் குளத்தின் நடுவில் அப்பாவுக்குப் பிடித்துக்கொள்ள என் கையை விட்டால் வேறு எதுவும் இல்லை. அது தெரியாமல், நான் கையை உதறிக்கொண்டே இருந்தேன்.