மூன்றாம் தூணுக்குப் பின்னால் ஓர் இருமல்

எங்கள் சர்ச்சில் மெழுகுவத்தி வைக்கிறவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது. என்னைவிட எட்டு வயது இளையவள், ஆனாலும் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், பழகிவிட்டது. நாற்காலி போடுவது, எடுப்பது, கதவைத் திறப்பது, பூட்டுவது என் வேலை. மெழுகுவத்தியைப் பொருத்துவதும் அணைப்பதும் கல்தரையில் சொட்டியதைச் சுரண்டி எடுப்பதும் அவள் வேலை. பதினோரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் மாரடிக்கிறோம். இசையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதலிலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அவளுக்கு இருமல் உண்டு. தொண்டையைச் செருமுகிற நாகரிக இருமல் இல்லை. ஆரம்பித்தால் பத்து, பன்னிரண்டு என்று விடாமல் வரும், கண் பிதுங்கும். இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் ஒரு மெத்தைப் பட்டறையில் பஞ்சு அடைத்தவள். ஒரு டாக்டர் பஞ்சுதான் காரணம் என்றார். இன்னொருவர் பரம்பரை என்றார். மூன்றாமவர் மனசு என்றாராம். “மனசாம்! மனசு இருமுமா அண்ணே?” என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. நான் அடுக்கிக்கொண்டிருந்த நாற்காலியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது இவளுக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்கு ஆறு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தாள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், “யாரும் வந்து கேக்கல, நானும் போய்த் தேடல” என்பாள், அதோடு சரி. ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் தங்கை வயலின் பழகுவாள். நடுவில் ஒரு திரை, அதற்கு இந்தப் பக்கம் இவள் சமைப்பாள், துவைத்ததை மடிப்பாள், இருமுவாள்.

தங்கை இப்போது பெரிய வயலின்காரி. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய, பரோக் என்கிற ஐரோப்பியப் பாட்டுகளை, அந்தக் காலத்தில் வாசித்த மாதிரியே, ஆட்டுக்குடலில் முறுக்கிய தந்தி கட்டி வாசிக்கிறாள். அந்தத் தந்தி இரும்புத் தந்தி மாதிரி கத்தாது, சத்தம் சன்னம். அதனால் கேட்கிறவர்கள் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். எங்கள் சர்ச்சோ முழுக்கக் கல். சாதாரண இருமல் ஒன்று சுவர் சுவராகச் சுற்றி அடங்க நாலு விநாடி ஆகும். மெழுகக்கா இருமினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு மண்டபத்தில் அதுதான் நடந்தது. மெதுவான பகுதியைத் தங்கை வாசித்துக்கொண்டிருந்தபோது இவள் இருமினாள். தங்கையின் கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி இருமல், மறுபடி கை நின்றது. அக்காவை அவள் வீட்டில் கொண்டுவந்து விட்டதும், “இனிமே நீ வராதக்கா. நீ இருமினா எனக்குக் கை ஓட மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் மெழுகக்கா ஒரு கச்சேரிக்கும் போகவில்லை.

இதை அவள் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏறின ஏணிய எட்டி ஒதைக்கிறதுன்னா இதுதாம்மா” என்றேன்.

“சும்மா இருங்கண்ணே. எனக்கு மூச்சு முட்டறப்பல்லாம் வயலினக் கீழ வெச்சிட்டு ஓடி வந்து முதுகத் தடவின புள்ள அது. அந்தப் பழக்கம் இன்னும் போகல. அவ என்ன பண்ணுவா?”

நான் போய் நாற்காலியை அடுக்கினேன்.

இந்த வருஷம் தங்கையின் கச்சேரி எங்கள் சர்ச்சுக்கே வந்துவிட்டது. மின்விளக்கு ஒன்றுகூட இல்லாமல், இருநூற்று நாற்பது மெழுகுவத்தி வெளிச்சத்தில். மத்தியானம் ஒத்திகை பார்க்க வந்தவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், “அக்கா, ஏத்தி வெச்சிட்டு நீ வீட்டுக்குப் போயிடுவே இல்ல?” என்று கேட்டாள்.

“போயிடறேன்டி. அணைக்கிறத அண்ணன் பாத்துப்பாரு.”

அவள் அந்தப் பக்கம் போனாளோ இல்லையோ, இவள் என்னிடம் வந்தாள். “அண்ணே, மூணாவது தூணுக்குப் பின்னாடி ஒரு நாற்காலி போடுங்க.”

“என்ன, பைத்தியமா உனக்கு?”

“மூணு வருஷமாச்சுண்ணே. அவ வாசிக்கிறத நேர்ல ஒரு தடவ கேக்கணும். இருமல் வந்தா நீங்களே என்னைத் தூக்கி வெளிய போடுங்க.”

அக்கா தங்கை விவகாரத்தில் மூக்கை நுழைப்பது வம்பை விலைக்கு வாங்குவது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் போட்டேன். ஒன்று இல்லை, இரண்டு. பக்கத்தில் நானும் உட்கார்ந்தால்தானே தூக்கி வெளியே போட முடியும்.

அவள் மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தொடாமல் வெந்நீரே குடிக்கிறாள் என்று அப்போதுதான் சொன்னாள். புகை கிளம்பக் கூடாதென்று இருநூற்று நாற்பது திரிகளையும் உட்கார்ந்து ஒட்ட நறுக்கியிருந்தாள். ஆறரைக்கு ஏற்றி முடித்தாள். கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, சால்வையை மூக்கு வரை சுற்றிக்கொண்டு தூணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளில் என் ஒரு கை இருந்தது. எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள், நான் அக்காவின் தொண்டையைப் பார்த்தேன். முதல் பகுதி முடிந்ததும் சபையில் ஆளாளுக்கு இருமிக்கொண்டார்கள். கச்சேரிகளில் அப்படி ஒரு வழக்கம், பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே இருமிக்கொள்ளலாம். இவளால் அதுவும் முடியாது. ஆரம்பித்தால் நிற்காதே.

மெதுவான பகுதி வந்தது. அது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மெழுகக்காவின் முகம் சிவந்தது. சால்வை நுனியைக் கடித்தாள். தோள் இரண்டு தடவை குலுங்கியது, சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது, அது இருமலை அடக்கியதாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. கதவைக் காட்டி ஜாடை செய்தேன். ஓங்கி என் தொடையில் ஓர் அடி போட்டாள். எனக்கு அவள்மேல் கோபம், அவள் தங்கைமேல் கோபம், அந்தப் பாட்டை இவ்வளவு நீளமாக எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போன புண்ணியவான்மேல் எல்லாரையும்விடக் கோபம்.

எப்படியோ கச்சேரி முடிந்தது. இருநூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் மெழுகக்கா விட்டாள் பாருங்கள், ஒரு மணி நேரத்து இருமலை! நான் முதுகைத் தடவினேன். பக்கத்து வரிசைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

குனிந்து வணங்கிக்கொண்டிருந்த தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். மூன்றாவது தூணைப் பார்த்தாள்.

இன்னொரு பாட்டு வேண்டும் என்றது கூட்டம். அவள் வயலினைத் தூக்கியதும் கைதட்டல் அடங்கிப் போயிற்று. இருமல் அடங்கவில்லை. சர்ச் முழுக்க அது மட்டும்தான் கேட்டது. தலைகள் திரும்பின. யாரோ “உஷ்” என்றார்கள். போச்சுடா என்று நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.

“இருக்கட்டும்,” என்றாள் தங்கை, அங்கிருந்தே. வயலினை இறக்கிவிட்டாள். “அவங்க எங்க அக்கா. இருமி முடிக்கட்டும், நான் நிக்கிறேன்.”

மெழுகக்கா என் கையை உதறிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினாள். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே, சர்ச் என்றும் பார்க்காமல், ஒற்றை அறை வீட்டில் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவளை அதட்டுகிற மாதிரி கத்தினாள்:

“இது எங்கடி முடியப் போகுது? எனக்காக நிக்காத, நீ வாசி!”

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். தங்கை சிரிக்கவில்லை. வயலினைத் தோளில் வைத்தாள். வில்லைத் தந்தியில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வில் நகர்ந்தது. அக்கா இருமினாள், வில் நகர்ந்துகொண்டே இருந்தது. மறுபடி இருமினாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே போனாள், அக்கா தூணில் சாய்ந்து இருமிக்கொண்டே கேட்டாள்.