பால்ராஜ் இட்ட மஞ்சள் கோடு

ஆவடியில் பாதுகாப்புத் தளவாடங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பால்ராஜ் முப்பத்தோராண்டுகள் தரச்சோதனை அலுவலராகப் பணியாற்றியவர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். பிறர் இறுக்கிய நட்டுகளை அளந்து பார்த்து, சரியென்று கண்டால் நட்டின் தலையிலிருந்து இரும்புப் பரப்பு வரைக்கும் மஞ்சள் வண்ணத்தால் ஒரு மெல்லிய கோடு இழுப்பதே அவர் தொழில். நட்டு எள்ளளவு தளர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். கோடு விழுந்த இடத்தில் அதன்பின் எவரும் ஸ்பானர் வைக்கலாகாது. மேலாளரே வந்தாலும் ஆகாது. அழிக்கும் உரிமை இட்ட கைக்கு மட்டுமே உண்டு. அழித்தாலோ, குறையுற்ற பொருளின்மேல் சிவப்பால் ஒரு பெருக்கல் குறி இட்டுத் தன் பிழையைத் தானே ஊரறியச் சொல்லியாக வேண்டும்.

பால்ராஜ் தம் கோட்டை ஒருமுறையும் அழித்ததில்லை. ஓய்வுபெற்ற நாளில் அவருக்குச் சால்வையும் சுவர்க் கடிகாரமும் அளித்தார்கள். மஞ்சள் வண்ணப் புட்டியையும் நுனி மெலிந்த தூரிகையையும் அவர் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்.

ஆவடியை அடுத்த அண்ணனூரில் அவர் கட்டிய வீட்டில் கோடு விழாத திருகு இல்லை. மின்விசிறியின் கொக்கி, குழாயின் பூட்டு, கதவின் கீல், அவர் மனைவி தாயம்மாள் ஊன்றி நடக்கும் கோலின் பிடி, யாவற்றிலும் மஞ்சள். இரண்டாண்டுகளுக்கு முன் தாயம்மாளுக்கு முதுகெலும்பில் அறுவை செய்து ஆறு திருகுகள் பொருத்தினார்கள். அவற்றின்மேல் அடையாளம் இட்டாயிற்றா என்று பால்ராஜ் மருத்துவரிடம் கேட்டார். அங்கே வண்ணம் பூசும் வழக்கமில்லை என்றார் மருத்துவர். அவரிடம் பால்ராஜுக்கு இருந்த மதிப்பு அன்றே சற்றுக் குறைந்தது.

தாயம்மாளுக்கு அந்த இரண்டாண்டும் வேறொரு குறை இருந்தது. திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் இருப்பவர். சித்திரைச் சதயத்தில்தான் காப்புக் களைந்து தம் திருமேனியைக் காட்டுவார். அத்தரிசனத்தை இருபத்தாறாண்டுகள் தவறாமல் கண்டவள், அறுவைக்குப்பின் இருமுறை தவறவிட்டாள். ஆட்டோவில் ஏறலாகாது, பேருந்தில் நிற்கலாகாது, அதிர்வு எதுவும் ஆகாது என்பது மருத்துவர் கட்டளை. இவ்வாண்டு காரில் மட்டும் போகலாம், அதுவும் குலுங்காத காராயின், என்று மனமிரங்கியிருந்தார்.

கார் குலுங்கியது.

அது பத்து வயதான டீசல் கார். மாசி மாதத்தில் அதைக் கிளப்பும்போதெல்லாம் எஞ்சின் பக்கவாட்டில் துள்ளுவதைப் பால்ராஜ் கண்டார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் வெடித்திருந்தது. ஆடுவது எதுவோ அதுவே குறை என்பது அவர் கற்ற கல்வி. ஆகவே ரப்பரைக் கழற்றி, அவ்விடத்தில் அளவாக வெட்டிய இரும்புத் தகடுகளை அடுக்கி, நட்டை முறைப்படி இறுக்கி, கோடும் இட்டார். எஞ்சின் மலைபோல் அசையாது நின்றது. வண்டி நன்றாக இறுகிவிட்டதென்று மகிழ்ந்து உறையிட்டு மூடினார்.

பங்குனிக் கடைசியில் தாயம்மாளை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டமாகக் கிளம்பினார். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது இருக்கை நடுங்கியது, கதவு நடுங்கியது, பின்புறக் கண்ணாடியில் தெரிந்த லாரி இரண்டு லாரியாகத் தெரிந்தது. தாயம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்குத் திருப்புங்க" என்றாள்.

சதயத்திற்கு இருபத்தோரு நாட்கள் இருந்தன.

மறுநாள் வண்டி கங்காதரனின் பட்டறைக்குப் போனது. மின்தொடர் ரயில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையின் மதிலை ஒட்டி, பால்ராஜ் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அப்பட்டறை. கங்காதரன் அண்ணனூரின் பழங்குடி, தொழிலில் கைதேர்ந்தவர். இளமையில் அதே தொழிற்சாலையில் ஓராண்டு பயிற்சியாளராக இருந்தார். அங்கே ஒருநாள் அறியாமல் மஞ்சள் கோடிட்ட நட்டில் ஸ்பானரை வைத்துவிட்டார். பதினொரு நாட்கள் பட்டறை முழுவதையும் பெருக்க வைத்தார்கள். தண்டித்த அலுவலர் பால்ராஜ் அல்லர். பால்ராஜாக இருந்திருந்தால் பதினைந்து நாள்.

கங்காதரன் முதலில் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்.

"சார், மிசினு ஒண்ணியும் இல்லன்னுது."

"மிஷின் சொல்றது இருக்கட்டும். வண்டி என்ன சொல்லுது?"

"வண்டி நடுங்கிகினு கீது சார்."

டீசல் ஃபில்டரை மாற்றினார். குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று ஐயுற்று, கைப்பம்பை அழுத்தி அழுத்தி நுரை போகும்வரை வெளியேற்றினார். நடுக்கம் போகவில்லை. அடுத்த வாரம் இருமல் மருந்துப் புட்டிகள் நான்கைக் கழுவிக் காயவைத்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வழிவதை நான்கிலும் பிடித்தார். ஒன்றில் மட்டும் மிகுதியாக வழிந்தால் அந்த இன்ஜெக்டரே குற்றவாளி. பால்ராஜ் சட்டைப்பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து நான்கையும் அளந்தார். நான்கும் ஓரன்னை வயிற்றுப் பிள்ளைகள்போல் ஒரே மட்டத்தில் நின்றன.

அதன்பின் எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர்களின் இணைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார் கங்காதரன். வேலை செய்யாத சிலிண்டராயின் பிடுங்கினாலும் ஓசை மாறாது. நான்கிலும் மாறியது. நான்கும் உழைப்பாளிகள். புகை திரும்பும் வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். ஒரு கிண்ணம் கரி வந்தது. நடுக்கம் அப்படியே இருந்தது.

"கரி போச்சில்ல சார், அதுவும் நல்லதுதான்" என்றார் கங்காதரன்.

பால்ராஜ் ஒவ்வொரு மாலையும் பட்டறைக்கு வந்து, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, கங்காதரன் கழற்றி மாட்டிய நட்டுகளைச் சோதித்துக் கோடிட்டுப் போனார். ஆகவே கங்காதரன் இரண்டாம் முறை பார்க்கக்கூடிய இடங்கள் நாளுக்கு நாள் குறைந்துவந்தன.

சதயத்திற்கு நான்கு நாட்கள் இருக்கையில் தாயம்மாள் கோலூன்றி, இரண்டு தெருவையும் நடந்து பட்டறைக்கே வந்துவிட்டாள். கங்காதரன் பதறி நாற்காலி கொண்டுவந்தார். அவள் அதில் அமரவில்லை. காரின் பின்கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தாள்.

"வண்டிய எடுப்பா."

கங்காதரன் சாவியைத் திருப்பினார். கார் நடுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அணை."

அணைத்தார்.

"இன்னொருக்கா போட்டு அணை."

மும்முறை அவ்வாறு செய்தபின் தாயம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"முன்னெல்லாம் அணைக்கையில மாடு உடம்பச் சிலுப்புற மாதிரி ஒரு சிலுப்பு சிலுப்புமே, அது எங்க போச்சு? பத்து வருசமா பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். அது சிலுப்பின பெறகுதான் நான் எறங்குவேன். இப்ப சிலுப்பவே இல்லயே."

பால்ராஜ், "அந்த ஆட்டத்தத்தான் நான் மாசியிலயே நிறுத்திட்டேனே" என்றார். குரலில் சிறிது பெருமிதம் இருந்தது.

கங்காதரன் மதிலைப் பார்த்தார். மதிலுக்கு அப்பால் மின்தொடர் வண்டி ஒன்று மெதுவாகப் பின்னோக்கிப் போனது. அது போய்முடியும் வரைக்கும் பார்த்தார்.

"ஏம்ப்பா, என்னமோ தெரிஞ்சுக்கிட்டே நிக்கிறியே."

"அம்மா, அத்த நான் சொல்லக்கூடாது."

"ஏன்?"

"மஞ்சக் கோடு கீது."

பால்ராஜ் முன்னே வந்தார். "எதுல?"

"மவுண்டிங்ல சார். ரப்பர் இருக்கவேண்டிய எடத்துல தகடு கீது. எஞ்சினு ஆடறது எல்லாத்தியும் அந்த ரப்பருதான் முழுங்கும். தகடு இன்னா பண்ணும்? அப்டியே வண்டி பாடிக்குத் தள்ளிவுடும். அதான் அம்மா முதுகு வரிக்கும் வருது."

"அத நான்தான இறுக்கினேன்."

"அதான் சார்."

பால்ராஜ் பின்னே கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே அது மேல ஒரு கண்ணு சார். கோடு போட்டு கீதே, பெரியவரு இன்னாவோ ரோசன பண்ணித்தான் போட்டுகிறாருன்னு உட்டுட்டேன். கோடு இல்லாத எடம் எல்லாத்தியும் பாத்துட்டேன் சார். ஒண்ணு பாக்கி இல்ல."

தாயம்மாள் கோலை ஓங்கித் தரையில் ஊன்றினாள். "பதினாறு நாளாய்யா! தடிமாடு மாதிரி ரெண்டு ஆம்பளைக, ஒரு கோட்டுக்குப் பயந்துக்கிட்டு மருந்து பாட்டில் கழுவிக்கிட்டிருந்தீகளா? என் முதுகுல கோடு போடலியேன்னு இவரு வருத்தப்பட்டாரு. நல்லவேள. போட்டிருந்தா அந்த டாக்டரும் என்னயத் தொட்டிருக்க மாட்டாரு."

பால்ராஜ் கார் மூடிக்குள் குனிந்து தம் கோட்டைப் பார்த்தார். முறியவில்லை. மயிரிழையும் நகரவில்லை. நட்டு, தாம் இறுக்கிய அளவிலேயே நின்றது. இறுக்கியதில் பிழையில்லை, இறுக்கியதே பிழை. அவ்வகைக் குறையைக் கண்டுபிடிக்க அவர் கைவசம் அளவுகோல் இல்லை.

"நீயே கழட்டு கங்காதரா" என்றார்.

"நான் எப்டி சார்?" என்று கங்காதரன் இரண்டடி பின்வாங்கினார். நாற்பத்து மூன்று வயதிலும் பெருக்குமாற்றின் நினைவு அவரை விட்டுப் போகவில்லை. வண்ணம் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியை நீட்டினார். "நீங்க அழிங்க. அப்பால நான் கழட்டறேன்."

பால்ராஜ் துடைத்தார். நல்ல வண்ணம், எளிதில் போகவில்லை. நான்காம் துடைப்பில் கோடு போய், வெறும் நட்டு தெரிந்தது. கங்காதரன் தகடுகளை உருவியெடுத்து அவர் கையில் வைத்தார். அடுத்தபடியாக என்ன செய்யவேண்டும் என்பது பட்டறையில் இருவருக்கும் தெரியும். பால்ராஜ் சட்டைப்பையைத் தடவினார். மஞ்சள் புட்டி இருந்தது. சிவப்பு இல்லை. முப்பத்தோராண்டுகளில் அதற்குத் தேவை நேர்ந்ததில்லை.

"வுடு சார், பரவால்ல" என்றார் கங்காதரன்.

"முறைன்னா முறை."

தாயம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள். பால்ராஜ் அதை வாங்கி, எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்து, தகட்டின்மேல் ஒரு பெருக்கல் குறி இட்டார். இரு கோடுகளும் நேராக இருந்தன. தகட்டை இருவருக்கும் காட்டிவிட்டுக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

மறுநாள் கங்காதரன் பாடி என்ற ஊரிலுள்ள உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புதிய மவுண்டிங் ரப்பர் வாங்கிவந்து பொருத்தினார். எஞ்சினைக் கிளப்பியதும் அது தன் தொட்டிலில் இப்படியும் அப்படியுமாக அசைந்தது. ஸ்டியரிங் அசையவில்லை. இருக்கை அசையவில்லை. பின்கண்ணாடியில் ஒரு லாரி ஒரே லாரியாகத் தெரிந்தது.

பால்ராஜால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "எஞ்சின் ஆடுதேப்பா."

"அது ஆடட்டும் சார். அது ஆடினாதான் நாம ஆடாம குந்தலாம்."

பிறகு கங்காதரன் தலையைச் சொறிந்துகொண்டு, "கோடு போட்டுடுங்க சார். இல்லாங்காட்டி எவனாவது கைய வெப்பான்" என்றார்.

பால்ராஜ் புட்டியைத் திறந்தார். தூரிகையைத் தோய்த்தார். நட்டின் அருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் பிடித்திருந்தார். பின்பு திரும்பி அதைக் கங்காதரன் கையில் கொடுத்தார்.

"இறுக்கினது நீ. பாத்ததும் நீ. நீயே போடு."

கங்காதரன் கையை இருமுறை கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கோடு போட்டார். தொடங்கிய இடத்தில் தடித்து, நடுவில் வளைந்து, முடியும் இடத்தில் சொட்டிவிட்டது. பால்ராஜ் அதை நெடுநேரம் பார்த்தார். சரி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை.

சதயத்தன்று காலையில் திருமுல்லைவாயிலுக்குப் புறப்பட்டார்கள். ரயில்வே கேட்டில் இரண்டு மின்தொடர் வண்டிகளும் ஒரு சரக்கு வண்டியும் போகும்வரை நின்றார்கள். பால்ராஜ் கண்ணாடியில் மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த தட்டில் தேங்காய், வில்வம், ஒரு செம்புப் பால். செம்பு விளிம்புவரை நிறைந்திருந்தது. தட்டில் ஒரு துளி சிந்தவில்லை.

கோயில் தெருவில் நிழலாக ஓரிடம் பார்த்து நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தார். கதவைத் திறக்கப் போனவர், பின்னிருக்கையில் மனைவி அசையாதிருப்பது கண்டு, கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். எஞ்சின் ஒருமுறை உடம்பைச் சிலுப்பி அடங்கியது.

"ம்" என்றாள் தாயம்மாள். "எறங்கலாம்."