தேங்காய் விலை இறங்கிய வாரம்

எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் மூன்றாவதில் இருப்பவர் ரப்பர் பால் வெட்டுகிறார். எனக்கு அக்கா முறை. அவருடைய ஒரே மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலையில் இருந்தபோது அங்கே சண்டை மூண்டது. சைரன் ஊதினால் எஜமானியின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு ஓடுவதாக மகள் போனில் சொன்னாள். அன்றைக்கே அக்கா, பிள்ளை கீறல் இல்லாமல் வந்தால் ஐம்பத்தொரு தேங்காய் உடைப்பதாகத் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். மகள் வந்து சேர்ந்தாள். கீறல் இல்லை. கொஞ்சம் பெருத்தும் இருந்தாள்.

தேங்காய்தான் உடைபடவில்லை.

அந்த வீட்டுக்காரர்கள் அவளையே திரும்பக் கேட்கிறார்கள் என்று ஏஜென்சியிலிருந்து அடிக்கடி போன் வந்தது. மகள் பிடிகொடுக்காமல் பேசினாள். அக்காவிடம் ஒரே பதில்தான் இருந்தது: "சாமி கடன வச்சிக்கிட்டு கடல் தாண்டக் கூடாது. வெல எறங்கட்டும், ஒடைச்சிட்டுப் போ."

அதை யாரும் சந்தேகிக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது நன்றாகவே இருக்கிறோம். பெற்றோல் கிடைக்கிறது. ஆட்சி மாறியபோது எங்கள் பக்கம் ஒரு கல்கூட விழவில்லை. தேங்காய் மட்டும் எந்த அரசாங்கத்தின் சொல்லையும் கேட்காத சரக்காக இருந்தது. விலை ஏறிக்கொண்டே போனதற்கு, குரங்குகள் தின்றுவிடுகின்றன என்று மந்திரிமார் விளக்கம் சொன்னார்கள். "அப்ப அடுத்த எலெக்சன்ல குரங்குகிட்டயே கேட்டுக்குவோம்" என்றார் தெஹியோவிட்ட டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஒருவர். அதை இன்னொருவர் சிங்களத்தில் திருப்பிச் சொன்னதும் பஸ்ஸின் மறுபாதியும் சிரித்தது.

பூசாரி வழியொன்று சொன்னார்: "எலுமிச்சம்பழம் வெட்டுனாலும் ஆத்தா ஏத்துக்குவா."

"நான் ஆத்தாகிட்ட சொன்னது தேங்கா" என்றார் அக்கா.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயும் மகளும் சாமான் வாங்கிக்கொண்டிருந்த தெஹியோவிட்ட கடைக்கு நானும் போயிருந்தேன். கடை முதலாளி சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். அக்காவைக் கண்டதும் கூவினார்.

"அக்கா, தேங்கா வெல எறங்கிருச்சு! மூட்டையாவே தாறேன், கோயில் வேலய முடிங்க."

அக்கா ஒரு காயை எடுத்துப் பார்த்தார். "சின்னது."

அடுத்தது. "இதுல குடுமி இல்ல. மொட்டத் தேங்காயச் சாமிக்கு ஒடைப்பாங்களா?"

மூன்றாவதைக் காதருகே வைத்து ஆட்டினார். "தண்ணி வத்திப்போச்சு."

"அனே அக்கே, இது தேங்கா! மகளுக்கு மாப்பிள்ள பாக்கிற மாதிரி பாக்கிறீங்களே" என்று முதலாளி பாதிச் சிங்களத்தில் சலித்துக்கொண்டார்.

விலை இறங்கியது அக்காவுக்கு நல்ல செய்தியாக இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகளுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும்.

"அம்மா, காய கீழ வைங்க" என்றாள். "ஏஜென்சிக்கு வரலன்னு போன வாரமே சொல்லிட்டேன். அந்த சைரன மறுபடி கேக்க என்னால முடியாது. அவிசாவளப் பக்கம் கார்மண்ட் பெக்டரியில தைக்க ஆள் எடுக்கிறாங்க, நாளைக்கி வரச் சொல்லிட்டாங்க. சம்பளம் கொறவுதான். பஸ் நம்ம சந்திக்கே வரும்."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடி?"

"நீங்க எவ்வளவு நாளைக்கி இழுக்கிறீங்கன்னு பாத்தேன்."

அக்கா அவளை முறைத்தார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"மூட்டையக் கட்டுங்க மொதலாளி. குடுமி பிஞ்சிறாமப் பாத்து."

"தண்ணி வத்திப்போச்சுன்னீங்க?"

"ஆத்தா குடிச்சிருப்பா."

அன்று மாலையே கோயில் வாசலில் எல்லாம் உடைபட்டது. கீழே சிங்களக் கிராமத்திலிருந்தும் பை கொண்டுவந்து சில்லுப் பொறுக்கினார்கள். ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. வெகுநாளைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பருப்பில் கெட்டித் தேங்காய்ப்பால் இருந்தது.

மறுநாள் காலை மழை. மழை என்றால் பால் வெட்டு கிடையாது. அக்கா குடையை எடுத்துக்கொண்டு சந்திவரை போய், மகளை கார்மண்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்.